சுரண்டி எடுத்த குறியைத் திரும்பப் போடுங்கள்

எங்கள் ஊர்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

இந்தக் கல்வியாண்டு முதல் பெயர்ப்பலகை, அறிவிப்பு, சான்றிதழ், வினாத்தாள் எதிலும் ஆங்கில அப்பாஸ்ட்ரஃபி குறி (யாருடையது என்று காட்ட எஸ் எழுத்தின் அருகே மேலே போடும் சின்னக் கொக்கி) போட வேண்டாம் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் அந்தக் குறியைச் சொல்லிக்கொடுக்க ஒதுக்கியிருந்த நேரத்தைப் பேச்சுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. 'பிள்ளைகளும் பெற்றோரும் குழம்புகிறார்கள்' என்பதுதான் நீங்கள் சொல்லும் ஒரே காரணம். அந்தக் குழப்பம் என்னால் வந்தது என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். ஜனவரியில் ஒரு பிள்ளையின் விடைத்தாளோடு உங்கள் அலுவலகத்துக்கு வந்தவள் நான்தான். இதே பள்ளியில் முப்பத்தொரு ஆண்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

அந்த விடைத்தாளில் இருந்தே தொடங்குகிறேன். ஏழாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு. பண்டிகை விடுமுறையைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளை தீபாவளிக்குக் கானாடுகாத்தானில் இருக்கும் சித்தப்பாக்கள் வீட்டுக்குப் போய்வந்ததை எழுதியிருந்தாள். 'அங்கிள்ஸ் ஹவுஸ்' என்ற இடத்தில் எஸ் எழுத்துக்குப் பின்னால் குறி. திருத்தியவர் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, குறியை எஸ்ஸுக்கு முன்னால் கொண்டுபோய் ஓர் அம்பு வரைந்து, அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பிள்ளை சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள்.

"ஏம்மா பின்னால போட்ட?" என்று கேட்டேன்.

"அது ஒரு சித்தப்பா வீடு இல்ல டீச்சர். மூணு சித்தப்பாவுக்கும் சேத்து ஒரே வீடு. முன்னால போட்டா ஒருத்தர் வீடுன்னு ஆயிடுமே."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொன்ன பதில் இது. நான் வகுப்பில் எத்தனையோ ஆண்டு தொண்டை வற்றச் சொல்லியும் பாதிப்பேருக்கு விளங்காத ஒன்று இவளுக்கு விளங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் இலக்கணப் புத்தகம் இல்லை, அவளுடைய வீடு. ஒரு வீடு ஒருவருக்கு உரியதா, பலருக்கு உரியதா என்பது இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே தெரிந்துவிடுகிறது. உங்கள் குழுவிலும் பாதிப்பேர் பங்காளிகளின் பொது வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். முகப்பும் பட்டாலையும் பொது, நடு முற்றமான வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும், தனி அறை, முன்னோருக்கான படைப்பு என்றால் எல்லாப் பங்காளியும் வர வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கல்யாணம் ஆன அன்றே ஒருவனைத் தனிப் புள்ளியாக எண்ணிக் கோயில் கணக்கில் ஏற்றும் ஊர் இது. எண்ணிக்கையிலும் உரிமையிலும் இத்தனை கண்டிப்பாக இருக்கும் நாம், அந்த இரண்டையும் ஒரே கோட்டில் காட்டும் குறியை வேண்டாம் என்கிறோம்.

அந்தப் பிள்ளைக்கு அரை மதிப்பெண் கொடுங்கள் என்றுதான் உங்களிடம் கேட்டு வந்தேன். பிழை விடைத்தாளைத் திருத்தியவருடையது. அதைச் சொன்னால் சங்கடம் என்று குறியையே எடுத்துவிட்டீர்கள். மதிப்பெண் இன்றுவரை வரவில்லை.

போன வாரம் மகளிர் விடுதிப் பக்கம் போனபோது பலகையில் ஏணி சாத்தியிருந்தது. மேலே நின்றவர் என் பழைய மாணவர், இப்போது ஊரில் பெயர் சொல்லும் பெயின்டர். கையில் பிளேடு. 'கேர்ள்ஸ் ஹாஸ்டல்' என்று பச்சையில் வெள்ளையாக அவரே பத்து வருடத்துக்கு முன் எழுதிய பலகை அது. எஸ்ஸுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கொக்கியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எனாமல் லேசில் வராது. மூன்று நான்கு தடவை இழுத்த பிறகு வெள்ளை போய், அடியில் இருந்த பச்சையும் கொஞ்சம் பெயர்ந்து, தகரம் தெரிந்தது.

"சுரண்டச் சொல்லிட்டாங்க டீச்சர். நீங்கதான் எட்டாவதுல சொன்னீங்க, ஒரு பொண்ணு விடுதின்னா முன்னால, பல பொண்ணுங்க விடுதின்னா பின்னாலன்னு. அத வச்சுத்தான் போட்டேன்" என்றார்.

என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தூரிகையைப் பிடித்தவர் அவர். படித்த அந்த ஒன்றைச் சரியாக வைத்துப் பிழைத்தார். அந்த ஒன்றை, படித்த பெரியவர்களான நாம் அவர் கையாலேயே அழிக்க வைத்திருக்கிறோம்.

இந்தக் குறி ஏன் குழப்புகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆங்கிலத்தில் பன்மைக்கும் எஸ், உடைமைக்கும் எஸ், பலருடைய உடைமைக்கும் அதே எஸ். மூன்றும் காதுக்கு ஒரே ஒலி. கண்ணால் மட்டுமே பிரித்துப் பார்க்க முடியும், கண்ணுக்கு இருக்கும் ஒரே துணை அந்தக் குறி. நம் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. 'நாலு வீடு', 'பத்து மாடு' என்று பேசிப் பழகியவர்கள் அவர்கள். எண் வந்துவிட்டால் 'கள்' வேண்டியதில்லை. 'அவன் வீடு', 'மாட்டுக் கொம்பு' என்று உருபே இல்லாமல் உடைமையைச் சொல்லிவிடுவார்கள். அப்படிப் பழகிய நாக்குக்கு ஆங்கிலத்தின் எஸ் ஒட்டவே ஒட்டாது. ஒட்டிய பிறகு எஸ்ஸைக் கண்ட இடமெல்லாம் தலையில் ஒரு கொக்கி போடத் தோன்றும். காரைக்குடி பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் தெரியும். மீல்ஸ் என்ற சொல் நமக்கு ஒருமை. 'ஒரு மீல்ஸ் குடுங்க' என்றுதான் கேட்கிறோம். அந்த மீல்ஸுக்கும் டிஃபனுக்கும் பொம்மைக்கும் கொக்கி போட்ட பலகைகள் இருக்கின்றன. அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறு சூடாக இருந்தால் போதும். பள்ளிக்கூடம் அப்படி விட்டுவிட முடியாது.

நான் இதைச் சொல்லிக்கொடுத்த வழி தமிழ் வழி. பிள்ளை, பிள்ளைகள், பிள்ளைகளின் என்று கரும்பலகையில் எழுதுவேன். 'பிள்ளையின்கள்' என்று யாராவது சொல்வார்களா என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். முதலில் எத்தனை பேர் என்று முடிவு செய்து 'கள்' போடு, அதற்கப்புறம் யாருடையது என்று 'இன்' போடு. ஆங்கிலமும் இதே வரிசைதான். பாய் என்பதை முதலில் பாய்ஸ் ஆக்கு, பிறகு குறி போடு, அதனால் குறி எஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிறது. சைல்ட் என்பது எஸ் இல்லாமலே சில்ட்ரன் என்று பன்மையாகிவிட்டது, அதனால் குறி போட்டு எஸ் சேர்க்கிறோம், குறி முன்னால் வருகிறது. உமன், விமன் என்பதும் அப்படியே. செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது குறி எஸ்ஸுக்குப் பின்னால் வருவதும், நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு முன்னால் வருவதும் இதனால்தான். வீடுகள், மாடுகள் என்று வெறும் பன்மை மட்டும் சொல்லும் இடத்தில் குறிக்கு வேலையே இல்லை. 'இன்' போட்டுத் தமிழில் சொல்லிப் பார், பொருந்தினால் ஆங்கிலத்தில் குறி போடு, பொருந்தாவிட்டால் போடாதே. இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு தமிழ்வழியில் படித்த என் பிள்ளைகள் ஆங்கிலவழிப் பிள்ளைகளைவிடக் குறைவாகப் பிழை செய்ததை நான் பல ஆண்டு பார்த்திருக்கிறேன்.

'இட்ஸ்' என்ற சொல்தான் கடைசிவரை தொல்லை கொடுக்கும். அதற்கும் வழி உண்டு. ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ் இவற்றில் எதிலும் குறி இல்லை, 'அதனுடைய' என்ற பொருளில் வரும் இட்ஸும் அந்தக் குடும்பம். 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துச் சொல்ல முடிந்தால் மட்டும் குறி. இரண்டு பாடவேளை போதும்.

உடைமையை எண்ணிச் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. ஆறாம் வேற்றுமைக்கு ஒருமையில் 'அது'வும் 'ஆது'வும், பன்மையில் 'அ'வும் உருபு என்று நன்னூல் பிரித்து வைத்திருக்கிறது. எனது கை, என கைகள். அங்கே உடைமைப் பொருளை எண்ணுகிறோம், ஆங்கிலத்தில் உடையவரை எண்ணுகிறார்கள். எண்ணூறு ஆண்டுக்கு முன்பே பவணந்தியார் இப்படிப் பிரித்து எழுதிப் படிக்க வைத்த மொழியின் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் குறி விளங்காது என்று நீங்கள் முடிவு கட்டியதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

குறி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பச்சி, என் அப்பா, இருந்த காலம். எங்கள் வீடு நான்கு புள்ளிக்குப் பொது. அப்பச்சியும் உடன்பிறந்த இரண்டு பேரும் ஊரில் மூன்று பங்கு. நான்காவது பங்கு பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த பெரியப்பா மகனுக்கு. அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது. வளவின் வடகிழக்கு மூலையில் ஓட்டுச் சாய்வு இறங்கத் தொடங்கியது. கோடையிலேயே கட்டைகளை மாற்றிவிட வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். ஊரில் இருந்த மூன்று பேரும் தங்கள் பங்குப் பணத்தைப் போட்டுவிட்டார்கள். 'என் பங்கும் தம்பிமார் பங்கும் வந்தாச்சு, உன் பங்கை அனுப்பு' என்று அப்பச்சி தமிழில் சொல்ல, டைப் அடிப்பவர் ஒருவர் ஆங்கிலத்தில் கடிதம் தட்டிக்கொடுத்தார். அப்பச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

பினாங்கு அண்ணனிடமிருந்து, அந்தப் பெரியப்பா மகனிடமிருந்து, ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் பங்கும் ஒரு தம்பி பங்கும்தானே வந்திருக்கிறது, இன்னொரு தம்பியும் போட்டதும் எழுதுங்கள், அன்றே அனுப்புகிறேன் என்று. அப்பச்சிக்கு ரோசம் வந்துவிட்டது. சொன்ன சொல்லை நம்பவில்லையே என்று அவர் பதில் போடவில்லை. அங்கே அண்ணன், கணக்கைக் கேட்டதற்குப் பதிலே இல்லையே என்று வருந்தினார். ஐப்பசி அடைமழையில் அந்த மூலை ஓட்டோடும் கட்டையோடும் வளவுக்குள் விழுந்தது. இரவு நேரம், யாருக்கும் அடி இல்லை. தேக்குத் தூண் ஒன்று பிளந்தது, தளத்தில் பதித்த ஆத்தங்குடிக் கல் இரண்டு பத்தி நொறுங்கியது. இன்றைக்கும் அந்த இடத்தில் வேறு நிறக் கல்தான் கிடக்கிறது.

அந்தக் கடிதத்தின் கார்பன் நகலை நான் பின்னாளில் அப்பச்சியின் பெட்டியில் பார்த்தேன். 'மை பிரதர்ஸ் ஷேர்'. குறி எஸ்ஸுக்கு முன்னால். ஒரே ஒரு தம்பியின் பங்கு. அண்ணன் படித்தது சரி. அப்பச்சி சொன்னதும் சரி. நடுவில் குறி ஓர் எழுத்து தள்ளி விழுந்திருக்கிறது. இப்போது நீங்கள் சொல்வதுபோல் குறியே இல்லாமல் எழுதியிருந்தால் இன்னும் மோசம். ஒரு தம்பியின் பங்கு, தம்பிகளின் பங்கு, 'தம்பிகள் பகிர்ந்துகொள்கிறார்கள்' என்று மூன்று விதமாகப் படிக்க இடம் இருந்திருக்கும். கடல் தாண்டிப் போன கடிதங்களில் வாழ்ந்த ஊர் இது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கணக்கும் கடிதமும் எழுதியே வட்டிக்கடை நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று எப்படிக் கேட்கத் தோன்றுகிறது?

'இங்கிலாந்துக்காரனே எடுத்துட்டான்' என்றும் கூட்டத்தில் பேசப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். பாதி உண்மை. பர்மிங்காம் மாநகராட்சி 2009-இல் தெருப் பலகைகளில் குறி வேண்டாம் என்றது. கேம்பிரிட்ஜும் புதிய தெருப் பெயர்களுக்கு அப்படி ஒரு விதி வைத்தது. அங்கே ஊர்க்காரர்கள் இரவில் மார்க்கர் பேனாவோடு போய் விட்டுப்போன குறிகளைத் தாங்களே பலகைகளில் போட்டார்கள். 2014-இல் மன்றம் விதியைத் திரும்பப் பெற்றது. 2024-இல் வடக்கு யார்க்ஷயர் மன்றம் கணினித் தரவுக்குத் தொந்தரவு என்று குறியை விலக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டில் பின்வாங்கியது. அமெரிக்காவில் இடப்பெயர் வாரியம் 1890-இல் தொடங்கிய நாளிலிருந்து உடைமைக் குறியைத் தவிர்த்தே வருகிறது. மார்த்தாஸ் வினியார்ட் என்ற தீவு உட்பட ஐந்தே ஐந்து பெயர்களுக்கு விலக்கு. குறி இருந்தால் அந்த மலையும் குளமும் ஒரு தனியாருக்குச் சொந்தம் என்று தோன்றிவிடும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அதாவது, குறிக்கு அத்தனை வலு இருப்பதால் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு விளங்காது என்று எடுக்கவில்லை. எந்த ஊரும் அதைப் பாடத்திலிருந்து எடுத்ததாக நீங்கள் எனக்குக் காட்டவில்லை.

குறி இல்லாமல் எழுதும் இடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 'ஸ்போர்ட்ஸ் டே' என்று விளையாட்டு விழாவை எழுதும்போது குறி கிடையாது. வழக்கறிஞர்களுக்கான 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் குறி இல்லை. ஆனால் 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டப் பெயரில் எஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, அது எல்லாத் தொழிலாளருக்கும் ஆன நிதி. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்துக்கு 2009-இல் பெயர் மாற்றியபோது எஸ்ஸுக்கு முன்னால் வைத்தார்கள், அடிபட்ட அந்த ஒருவனின் இழப்பீடு என்று நான் படிக்கிறேன். மகளிர் விடுதிப் பலகையைக் குறி இல்லாமல் எழுதுவதைக்கூட ஒரு வழக்கம் என்று நான் ஏற்பேன், தெரிந்து எழுதினால். நீங்கள் செய்திருப்பது தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே எடுத்துவிடுவது. போன் திருத்திக்கொடுக்கும் என்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சித்தப்பா ஒருவரா மூவரா என்று போனுக்குத் தெரியாது.

செட்டிநாட்டு ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்த பிறகு, கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வெளிநாட்டார் வருவது உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளில் சிலர் அவர்களுக்கு வீடு சுற்றிக்காட்டியும், தங்கும் விடுதிகளில் வரவேற்பில் நின்றும் பிழைக்கப் போகிறவர்கள். 'செட்டியார்ஸ் ஹவுஸ்' என்று ஒரு சீட்டில் எழுதும்போது அது ஒருவர் கட்டிய வீடா, பங்காளிகள் வீடா என்று சரியாகக் காட்டத் தெரிந்த பிள்ளையை நான் வளர்க்க விரும்பினேன். இருவரின் ஒரே வீடு என்றால் கடைசிப் பெயருக்கு மட்டும் குறி, ஆளுக்கொரு வீடு என்றால் இரண்டு பெயருக்கும் குறி என்று பாகப்பிரிவினையை வைத்தே நான் பாடம் நடத்தியிருக்கிறேன். வகுப்பு ஒருநாளும் தூங்கியதில்லை.

நான் கேட்பது இவைதான். அந்தச் சுற்றறிக்கையை இந்த மாதத்துக்குள் எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் விடைத்தாளை மறுபடி எடுத்து, அரை மதிப்பெண்ணைப் போட்டு, அவள் எழுதியது சரி என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லச் செய்யுங்கள். மதிப்பெண்ணைவிட அந்தச் சொல்தான் அவளுக்கு வேண்டும். ஆறு முதல் எட்டு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் பருவத்துக்கு ஆறு பாடவேளையாவது இந்தப் பாடத்துக்குத் திருப்பிக் கொடுங்கள், அதைத் தமிழ் இலக்கண ஆசிரியரோடு சேர்ந்து நடத்த அனுமதியுங்கள். 'டூ டேஸ் லீவ்' என்று விடுப்பு விண்ணப்பத்தில் எஸ்ஸுக்குப் பின்னால் குறி போட்டுச் சரியாக எழுதிவரும் பிள்ளையைத் திருத்துகிறேன் என்று யாரும் அந்தக் குறியை அடித்துவிடாமல் இருக்க, ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வையுங்கள். ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், வாரம் இரண்டு நாள், சம்பளம் வேண்டாம்.

விடுதிப் பலகையை எந்தக் காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். தகரம் வெளியே தெரிகிறது, மழைக்கு முன் பூசாவிட்டால் துருப்பிடிக்கும். பெயின்டரிடம் அதே பச்சையும் வெள்ளை எனாமலும் மீதம் இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அன்று சாயங்காலமே போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
காரைக்குடி வட்டாரம்